குப்பை வண்டி: அவர்கள் கடமை எது, நம் கடமை எது?



சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு நாள் காலை, நம் அறக்கட்டளை அலுவலக வாசலில் குப்பை எடுக்க வந்த தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவரின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. முந்தைய நாள் இஃப்தார் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தோம். கஞ்சி குடித்த கப்புகள், பேரீச்சங்கொட்டைகள், சமோசா சுற்றிய காகிதம். அவற்றோடு மாடிப்படியில் கழற்றிய பழைய ட்யூப்லைட்டின் உடைந்த துண்டுகளும் உள்ளே போயிருந்தன. பை கனமாக இருந்ததால் அவர் அடியில் கை கொடுத்துத் தூக்கினார். கண்ணாடி, பையையும் அவர் போட்டிருந்த துணிக் கையுறையையும் கிழித்துக்கொண்டு இறங்கியது. அரசு மருத்துவமனையில் ஐந்து தையல் போட்டார்கள்.

மருத்துவச் செலவையும், அவர் வேலைக்கு வர முடியாத நாட்களின் கூலியையும் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை, தவறு எங்களுடையது. நாங்கள் அவரைப் பார்க்கப் போனபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "காசு குடுத்தீங்க, சரி பாய். இனிமே கண்ணாடிய மட்டும் தனியா கட்டி வைங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. மேலே சிவப்புல ஒரு கோடு போட்டிருந்தா புரிஞ்சுக்குவேன்."

திரும்பி வரும் வழியில் நாங்கள் பேசிக்கொண்டது இதைப் பற்றித்தான். குப்பையைப் பிரிக்கும் வேலை எப்படியும் நடந்தே தீரும். நம் அடுப்படியில் நடந்தால் அதற்கு இரண்டு விநாடி போதும். அங்கே நடக்காவிட்டால், அழுகியதையும் உடைந்ததையும் இன்னொருவர் தம் கையால் கிளறித்தான் பிரிக்க வேண்டும். இந்த இதழில் குப்பையைப் பற்றி எழுத வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்ததற்குக் காரணம் இதுவே.

வாசலில் கொடுத்த பை எங்கே போகிறது?

முன்பெல்லாம் தெருமுனையில் சிமெண்டுத் தொட்டி இருந்தது. எல்லோரும் அதில் கொண்டுபோய்க் கொட்டினோம். லாரி வந்து அள்ளிச் சென்று ஊருக்கு வெளியே உள்ள கிடங்கில் தள்ளியது. இப்போது பெரும்பாலான நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் அந்தத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீட்டு வாசலுக்கே தள்ளுவண்டியோ பேட்டரி வண்டியோ அனுப்புகிறார்கள். வண்டியில் இரண்டு நிறங்களில் கூடைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பச்சை, மக்கும் குப்பைக்கு. நீலம், மக்காத குப்பைக்கு.

மக்கும் குப்பை நுண் உரக்கூடத்துக்குப் போகிறது. அங்கே எடை போட்டு, பெரிய துண்டுகளை அரைத்து, காற்றுப் போக இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டிகளில் அடுக்குகிறார்கள். நடுநடுவே சாணக் கரைசல் தெளிக்கிறார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்யத் தொடங்கியதும் குவியல் சூடேறும். உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். அவ்வப்போது கிளறி விட்டால் ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் கறுத்த, மண் வாசனை உள்ள உரமாகிவிடும். சலித்து விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள்.

மக்காத குப்பை வளமீட்பு மையத்துக்குப் போகிறது. அட்டை, செய்தித்தாள், பால் கவர், தண்ணீர் பாட்டில், இரும்பு, அலுமினியம், கண்ணாடி என்று வகை பிரித்து விற்கிறார்கள். பல ஊர்களில் அந்தப் பணம் தூய்மைப் பணியாளர்களுக்கே பங்கிட்டுத் தரப்படுகிறது. யாரும் வாங்காத பிளாஸ்டிக்கைக் கட்டுகளாக்கி, அரியலூர் போன்ற இடங்களில் உள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். இவ்வளவும் போக மிஞ்சுவது மட்டும்தான் கிடங்குக்குப் போக வேண்டும்.

பழைய பொருளை வாங்கி விற்பது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. பழைய இரும்புக் கடையை இன்றும் பல ஊர்களில் 'காயலான் கடை' என்கிறார்கள். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உடைந்த பித்தளைக்கும் ஒரு விலை உண்டு என்று அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஆனால் அந்த விலை, பொருள் சுத்தமாக இருந்தால்தான் கிடைக்கும்.

கலந்தால் என்ன ஆகிறது?

மீன் குழம்பு ஊறிய அட்டையைக் காயலான் கடைக்காரர் வாங்கமாட்டார். பால் கவர் துண்டுகள் கலந்த உரத்தை விவசாயி வயலில் போடமாட்டார். அரைக்கும் இயந்திரத்தில் ஒரு கண்ணாடித் துண்டு விழுந்தால் அந்தத் தொட்டி உரம் முழுவதையும் ஒதுக்க வேண்டியதுதான். தனித்தனியாக இருந்தபோது இரண்டுக்கும் மதிப்பு இருந்தது. கலந்தபின் இரண்டுமே கிடங்குக்குப் போகின்றன.

நம் ஊர்களின் வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதிக்கும் மேல் ஈரக் குப்பைதான். அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்து மலையாகக் குவியும்போது அடியில் காற்றுப் புகாது. காற்றில்லாமல் அழுகுவதால் மீத்தேன் என்னும் எரியும் வாயு உண்டாகிறது. கோடையில் ஒரு பொறி போதும். சென்னை பெருங்குடி கிடங்கில் 2022 ஏப்ரலில் பிடித்த தீ பல நாட்கள் புகைந்தது. கோவை வெள்ளலூர் கிடங்கு 2024 ஏப்ரலில் எரிந்தது. கொச்சியில் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் எரிந்தபோது நகரம் முழுவதும் புகை சூழ்ந்து, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். இலங்கையில், கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில், 2017 ஏப்ரல் 14 அன்று குப்பை மலையே சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று சித்திரைப் புத்தாண்டு. மக்கள் வீட்டில் இருந்த நாள்.

கிடங்கில் மழை பெய்தால் அழுகல் நீர் மண்ணில் இறங்கும். பக்கத்துக் கிணறுகளின் நிறம் மாறும். அந்தப் பக்கம் நிலம் விலை குறைவு என்பதால் அங்கே குடியிருப்பவர்கள் எப்போதும் ஏழைகள்தான். நம் பைத்துல்மாலில் உதவி கேட்டு வருகிறவர்களில் சிலரும் அங்கிருந்து வருகிறவர்களே. மூச்சிரைப்புக்கு மருந்துச் சீட்டோடு வரும் பிள்ளைக்கு ஒரு கையால் உதவித்தொகை கொடுத்துவிட்டு, மறு கையால் கலந்த குப்பையை அந்தப் பிள்ளையின் வீட்டுப் பக்கம் அனுப்புவது எந்த வகை உதவி என்று எங்களையே கேட்டுக்கொண்டோம்.

சட்டம் யாருக்கு என்ன சொன்னது?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 ஏப்ரலில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள் இந்தக் கடமைகளைத் தெளிவாகப் பங்கிட்டன. 2000ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்குப் பதிலாக வந்தவை அவை.

உள்ளாட்சியின் பங்கு: வீடு வீடாக வந்து குப்பையைப் பெற வேண்டும். பிரித்துக் கொடுத்ததைப் பிரித்தே கொண்டுபோக வேண்டும். பணியாளர்களுக்குச் சீருடை, கையுறை, காலணி, மழைக்கோட்டு, முகக்கவசம் தரவேண்டும். வீட்டில் சேரும் ஆபத்தான குப்பையைப் பெறுவதற்குத் தனி மையம் வைக்க வேண்டும்.

நம் பங்கு: மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும். நாப்கின், டயப்பர் போன்றவற்றை நன்றாகச் சுற்றித் தரவேண்டும். தெருவிலோ, பொது இடத்திலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ குப்பையைக் கொட்டவும் எரிக்கவும் புதைக்கவும் கூடாது. உள்ளாட்சி விதிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். பல ஊர்களில் இது சொத்து வரியோடு சேர்ந்தே வருகிறது.

நம்மில் பலர் முதல் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வோம். டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேசுவோம். இரண்டாவது பட்டியல் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே விதியில்தான் இருந்தன.

வீட்டில் செய்ய வேண்டியது: இரண்டு வாளி, ஒரு பொட்டலம், ஒரு டப்பா

1. மக்கும் வாளி. காய்கறித் தோல், சோறு, குழம்பு, டீத்தூள், முட்டை ஓடு, பூ, வாழை இலை, மீன் செதில், எலும்பு ஆகியவை இதில். நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். பாதி நாற்றம் அதிலேயே போய்விடும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீர்கள். வாளிக்கு அடியில் ஒரு தாள் செய்தித்தாள் விரித்தால் ஒட்டாது. தேங்காய்ச் சிரட்டையும் இளநீர் மட்டையும் மக்க வெகுகாலம் ஆகும் என்பதால் அவற்றை மட்டும் தனியே கொடுங்கள்.

2. மக்காத வாளி. காகிதம், அட்டை, பாட்டில், தகர டப்பா, பால் கவர், பிஸ்கட் உறை, பழைய செருப்பு, துணி ஆகியவை இதில். பால் கவரையும் எண்ணெய்க் கவரையும் ஒரு தடவை அலசிக் காயவைத்தால் போதும். கவரின் முனையை முழுதாக வெட்டி எறியாதீர்கள்; அந்தச் சின்னத் துண்டை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. இந்த வாளி நாறாது என்பதால் தினமும் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் எந்தக் கிழமை எடுக்கிறார்கள் என்று வண்டி ஓட்டுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. பொட்டலம். நாப்கின், டயப்பர், நோயாளிக்குக் கட்டிய கட்டுத்துணி ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதையும் யாரோ ஒருவர்தான் இறங்கி எடுக்க வேண்டிவரும். அந்த வேலையில் நம் நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

4. டப்பா. நம் மஹல்லாவில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு குறைவு. இன்சுலின் ஊசியையும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஊசியையும் வாளியில் போடவே கூடாது. மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, நிரம்பியதும் இறுக மூடி, 'ஊசி' என்று எழுதி, சிவப்புக் கோடு போடுங்கள். காலாவதியான மருந்து, பேட்டரி செல், பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்துக் குப்பி, சி.எஃப்.எல். பல்பு, ட்யூப்லைட் ஆகியவையும் ஆபத்தான குப்பைதான். ட்யூப்லைட்டில் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைக்காமல், வாங்கிய அட்டைக்குழாயிலேயே வைத்துக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியை கெட்டி அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, சிவப்புக் கோடு போட்டுக் கையில் கொடுங்கள். எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறோம்.

வீடு இடித்த கல், மண், ஓடு ஆகியவை இந்த நான்கிலும் சேரா. அவற்றைத் தனியே குவித்து வைத்து நகராட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும். சாக்கடை ஓரம் தட்டிவிட்டால் அடுத்த மழையில் அது நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வரும்.

கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதும் முன் மாதாந்திரப் பெண்கள் மஜ்லிஸில் சகோதரிகளிடம் பேசினோம். அவர்கள் கேட்டவற்றில் மூன்று:

"நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?"

இது நியாயமான கேள்வி. சில இடங்களில் அப்படி நடப்பது உண்மை. நாங்களும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் காரணம் இதுதான்: தெருவில் பத்து வீட்டில் இரண்டு வீடு மட்டும் பிரித்துக் கொடுத்தால், மற்ற எட்டு வீட்டுக் கலவைக் குப்பையால் கூடை ஏற்கெனவே நிரம்பிவிடுகிறது. இரண்டு வீட்டுக்காக அவர் தனிக் கூடை சுமக்க முடியாது. எனவே தெருவாகச் சேர்ந்து தொடங்குங்கள். தெரு முழுவதும் பிரித்துக் கொடுத்த பின்னும் ஒன்றாகக் கொட்டினால், அது உள்ளாட்சியின் தவறு. அப்போது புகார் கொடுக்க நமக்கு முழு உரிமை உண்டு. புகாரை எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

"வண்டி வர்ற நேரத்துல வீட்டுல ஆம்பிளை இல்ல. வாசலுக்குப் போக முடியலை. ராத்திரியே மதரஸா சுவரோரம் வச்சுடுறோம்."

இஷாவுக்குப் பிறகு அங்கே வைக்கப்படும் பைகளை நாய்கள் இழுத்துக் கிழிக்கின்றன. காலையில் ஓத வரும் பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். ஆடுகள் சோற்றோடு பிளாஸ்டிக்கையும் தின்கின்றன. இதற்கு ஒரு வழி: வீட்டு நடையில், கேட்டுக்கு உட்புறம், மூடி போட்ட வாளியை வைத்துவிடுங்கள். வருகிறவரிடம் சொல்லி வைத்தால் அவரே எடுத்துக்கொள்வார். நம் தெருக்களுக்கு வருகிறவர் ஒரு பெண் என்பதால் இதில் சங்கடமும் இல்லை. வண்டி வரும் நேரம் மாற வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். தெருவிலிருந்து ஒரே மனுவாகப் போனால் நேரம் மாற்றித் தர வாய்ப்பு அதிகம்.

"காய்ஞ்ச குப்பைய கொல்லையில வச்சுக் கொளுத்திட்டா என்ன?"

பிளாஸ்டிக் எரிந்தால் புகையில் நஞ்சு இருக்கும். குழாய், ஒயர் உறை போன்ற பி.வி.சி. பொருட்கள் எரிந்தால் இன்னும் மோசம்; டையாக்ஸின் என்னும் கொடிய நச்சும் அதில் உண்டு. அந்தப் புகை முதலில் போவது நம் வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கும், பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளியின் நெஞ்சுக்கும்தான். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நம் மக்தபில் படித்ததை இங்கே நினைவூட்டினால் போதும்.

வண்டி வராவிட்டால்

வண்டி வருவது நமக்குச் செய்யும் தயவல்ல. கட்டணம் செலுத்தும் குடிமக்களுக்கு உள்ளாட்சி செய்ய வேண்டிய கடமை. ஆனால் தெருவில் நின்று பணியாளரைத் திட்டுவது புகார் ஆகாது. அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வண்டி பழுதானாலும் ஆள் குறைந்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். வரிசை இப்படி:

முதலில் உங்கள் வார்டுக்கான மேற்பார்வையாளரிடமும் வார்டு உறுப்பினரிடமும் சொல்லுங்கள். பெரும்பாலான பிரச்சினைகள் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சுகாதார ஆய்வாளருக்கோ துப்புரவு ஆய்வாளருக்கோ எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடுத்து, நகராட்சியானால் ஆணையர், பேரூராட்சியானால் செயல் அலுவலர். அதற்கும் மேல், முதல்வரின் உதவி மையம் 1100 என்ற எண்ணில் பதிவு செய்யலாம்; திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

மனுவில் கோபம் வேண்டாம், விவரம் வேண்டும். தெருவின் பெயர், எந்தெந்தத் தேதியில் வண்டி வரவில்லை, எத்தனை வீடுகள் பாதிக்கப்பட்டன, தேதியோடு இரண்டு புகைப்படங்கள். "ஊரே நாறுகிறது" என்ற மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். தேதி போட்டு எழுதிய மனுவுக்கு அப்படி எழுதி முடித்துவிட முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: பணியாளர்களுக்குத் தடித்த கையுறையும் காலணியும் கொடுக்கப்பட்டிருக்கின்றனவா? நமக்காக ஒரு வரி எழுதும்போது அவர்களுக்காகவும் ஒரு வரி எழுதுவோம்.

நோன்பு, நிகாஹ், குர்பானி

வீட்டுக் குப்பையைப் பற்றிப் பேசிவிட்டு நம் ஜமாஅத்தின் குப்பையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

நோன்புக் கஞ்சி. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நின்ற காலம் நமக்கு நினைவிருக்கிறது. அதில் ஒரு துண்டுக் குப்பை கிடையாது. இப்போது கஞ்சியைச் சூடாகப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டிக் கொடுக்கிறோம். இஃப்தாருக்குக் காகிதக் கப் வைக்கிறோம். அந்தக் கப்பின் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பை, தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல் உள்ளிட்ட 14 வகைப் பொருட்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. அமல் செய்ய வந்த இடத்தில் தடை செய்யப்பட்ட பொருளை நாமே கையில் எடுத்துக் கொடுக்கிறோம் என்பது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

நிகாஹ் விருந்து. கடலோர ஊர்களில் ஒரு சஹனைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்து சாப்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சாப்பிட்டதும் சஹனைக் கழுவி வைத்தால் முடிந்தது. இலையும் இல்லை, தட்டும் இல்லை, மிச்சம் வைப்பதும் குறைவு. அது இயலாத இடங்களில் வாழை இலை போதும்; தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் போதும். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை அதற்கென உரிமம் பெறாத இடத்தில் நடத்தினால், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. தெருவில் பந்தல் போட்டு விருந்து வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குர்பானி. மூன்று நாட்களும் உள்ளாட்சி அனுமதித்த இடத்தில் அறுத்து, கழிவுகளை ஒழுகாத டிரம்மில் சேர்த்து, அன்றன்றே ஒப்படைக்க வேண்டும். தோலை உடனே உப்புத் தடவி ஒப்படையுங்கள். தாமதித்தால் தோலும் கெட்டு அதுவும் குப்பையாகிவிடும். இரத்தத்தையும் குடலில் உள்ளதையும் சாக்கடையில் கழுவி விடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அது அடுத்த தெருவில் தேங்கி நாறும்போது, முகம் சுளிக்கிறவர் நம் இபாதத்தைப் பார்த்துச் சுளிக்கும்படி ஆகிவிடுகிறது. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே, எந்தத் தெருவுக்கு எத்தனை டிரம், எத்தனை மணிக்கு வண்டி என்று நகராட்சியோடு பேசி முடிவு செய்வது ஜமாஅத் நிர்வாகத்தின் பொறுப்பு.

அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு

நம் தெருவில் பல ஆண்டுகளாக வரும் பணியாளரைப் பலர் "குப்பைக்காரம்மா" என்றுதான் அழைக்கிறோம். அவர் குப்பைக்காரர் அல்லர். குப்பைக்குச் சொந்தக்காரர்கள் நாம்தான். அவர் அதை எடுத்துச் செல்கிறவர். பெயர் கேட்டு, பெயர் சொல்லியோ அக்கா என்றோ கூப்பிடுவது பெரிய காரியமல்ல.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் கேட்டால் அவர்களுக்கென்று தனிக் குவளை வைத்திருக்கும் வீடுகள் நம் மஹல்லாவிலும் இருக்கின்றன. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுகிறோம், எங்களிடம் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் பேசுகிறோம். அந்தப் பேச்சு உண்மையா என்று பார்க்க வாசலில் இருக்கும் குவளையைப் பார்த்தால் போதும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஸதகா என்று சிறு வயதிலேயே கற்றவர்கள் நாம். அந்த வேலையைத் தினமும் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறவரை எந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்து அனுப்புவது என்று ஒவ்வொரு வீடும் முடிவு செய்யட்டும்.

அறக்கட்டளை செய்ய முடிவு செய்திருப்பவை

பிறருக்குச் சொல்லும் முன் நாங்கள் செய்ய வேண்டியவை இவை:

நம் அலுவலகம், மதரஸா, மருத்துவ முகாம் மூன்றிலும் இரண்டு வாளி, ஒரு பொட்டலம், ஒரு டப்பா என்ற முறை இந்த மாதம் முதல் தொடங்கிவிட்டது. அலுவலகப் பொறுப்பாளர் தினமும் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

வரும் ரமளானில் இஃப்தாருக்குக் காகிதக் கப் கிடையாது. எவர்சில்வர் கிண்ணங்கள் வாங்கப்படும். கழுவும் பொறுப்பை இளைஞர் அணி ஏற்றிருக்கிறது. வீட்டுக்குக் கஞ்சி வாங்க வருகிறவர்கள் பாத்திரம் கொண்டுவர வேண்டும். கவரில் ஊற்றித் தரப்படமாட்டாது. முதல் நாளில் சிலர் வருத்தப்படலாம். பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் சேரும் ஊசி பாட்டில்களை அலுவலகத்தில் கொடுக்கலாம். மருத்துவ முகாமின் கழிவுகளோடு சேர்த்து முறையாக அனுப்பி வைக்கப்படும்.

நம் ஐந்து தெருக்களுக்கு வரும் பணியாளர்களுக்குத் தடித்த ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இது உள்ளாட்சி செய்ய வேண்டிய கடமை. அதைக் கேட்டு மனுவும் கொடுத்திருக்கிறோம். அதுவரை கை வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காக மட்டுமே இந்த ஏற்பாடு.

கை கிழிந்த அந்த அம்மா மூன்று வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சுண்டு விரலை இன்னும் முழுதாக மடக்க முடியவில்லை. வண்டியின் கைப்பிடியை நான்கு விரல்களால்தான் பிடிக்கிறார். இந்த இதழ் உங்கள் கைக்கு வந்த மறுநாள் காலையும் அவர்தான் உங்கள் வாசலுக்கு வருவார். வாளியைக் கொடுக்கும் முன் ஒரு தடவை உள்ளே பாருங்கள். கண்ணாடியோ ஊசியோ இருந்தால் தனியே எடுத்து, சிவப்பில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அல்லாஹ் நம் வீடுகளையும் தெருக்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவின் சார்பில்